பிணை நிற்பவர் யார்?

மனிதனுக்காகவே மற்ற உயிர்கள் யாவும் படைக்கப்பட்டன. ஆகவே அவற்றை அவன் விரும்பியவாறு கையாளலாம் என்றொரு கொள்கை நம்மவருள் பலரிடம் வேரூன்றிக் கிடக்கிறது. மேடையிலும் கேட்கிறோம், திண்ணையிலும் கேட்கிறோம். ஆறு மெலிவதையும் மீனினம் அருகுவதையும் பறவைகள் மறைவதையும் பற்றி எவரேனும் கவலையோடு பேசினால், "அதெல்லாம் மேலைநாட்டார் கிளப்பிவிட்ட பேச்சு, நமக்கு அதைவிடப் பெரிய வேலைகள் உண்டு" என்று வாயடைக்கும் பெரியவர்களும் இருக்கின்றனர். இக்கொள்கை தவறு. மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும்போது பெருந்தவறு. அதனை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகையோர் பற்றிக்கொள்ளும் ஆதாரம், திருமறையில் வரும் 'தஸ்கீர்' என்னும் கருத்து. வானங்களிலும் பூமியிலும் உள்ளவற்றை இறைவன் மனிதனுக்கு வசப்படுத்தித் தந்தான் என்பது அதன் பொருள். உண்மை. ஆனால் வசப்படுத்தித் தருவது வேறு. உடைமையாக்கித் தருவது வேறு. பின்னதற்கு அரபு மொழியில் 'தம்லீக்' என்று தனிச்சொல்லே உண்டு. மதரஸாவில் மூன்றாண்டு ஓதிய மாணவனும் இவ்வேறுபாட்டை அறிவான். சூரியனும் சந்திரனுங்கூட நமக்கு வசப்படுத்தப்பட்டவை என்றே திருமறை கூறுகிறது. அதனால் சூரியனைப் பங்கு போட்டு விற்கும் உரிமை நமக்குண்டு என்று எவரும் வாதிட்டதில்லை. வானத்துச் சூரியனுக்கு ஒரு விளக்கம், ஆற்று மீனுக்கு வேறொரு விளக்கம் என்பது எந்த இலக்கணம்?

அதே திருமறை, 'அல்அன்ஆம்' அத்தியாயத்தில், நிலத்தில் நடமாடும் உயிர்களும் சிறகால் பறப்பனவும் மனிதரைப் போன்ற சமுதாயங்களே என்று அறிவிக்கிறது. சமுதாயங்கள் என்பதற்கு அங்கே ஆளப்பட்டிருக்கும் சொல் 'உமம்'. நம்மை நாம் பெருமையோடு குறித்துக்கொள்ளும் 'உம்மத்' என்பதன் பன்மைதான் அது.

நாய்களைப் பற்றிய ஒரு நபிமொழி அபூதாவூத், திர்மிதீ முதலிய தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. நாய்களும் சமுதாயங்களுள் ஒரு சமுதாயமாக இல்லாதிருப்பின் அவற்றைக் கொன்றுவிட ஆணையிட்டிருப்பேன் என அண்ணலார் (ஸல்) அவர்கள் கூறியதாகவும், அவற்றுள் ஒரு வகையை மட்டும் குறித்து ஆணையிட்டதாகவும் அது அமைகிறது. இதற்கு உரை வரைந்தவர்களுள் ஒருவர் ஹிஜ்ரி 388இல் மறைந்த இமாம் கத்தாபீ. அவர் தரும் விளக்கத்தின் சாரம் இது: படைப்பினம் ஒன்றனை அதன் கடைசி உயிர்வரை, ஒன்றும் எஞ்சாதவாறு துடைத்தெறிவதை நபிகளார் வெறுத்தார்கள், ஏதேனும் ஒரு நுட்பமும் நன்மையும் பொதிந்திராத படைப்பு இறைவனிடத்தில் இல்லை.

உயிரினம் ஒன்று உலகிலிருந்து அடியோடு மறைந்துபோகக் கூடும் என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் குவியே எலும்புகளைக் கொண்டு நிறுவியது 1796இல். அதற்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஓர் இனத்தை முற்றாக அழிப்பது கூடாது என்று நம் உரையாசிரியர் எழுதிவிட்டார். பிறகு இதனை மேலைநாட்டார் பேச்சு என்று தள்ளுவது எப்படிப் பொருந்தும்? அந்நியர் கடையில் விற்கிறார்கள் என்பதற்காக நம் வீட்டுப் பெட்டியில் உள்ள பொன்னைப் பித்தளை என்போமா?

அரங்கத்தின் மணல்

கொள்கையை இவ்வளவில் நிறுத்தி, கண்ணெதிரே உள்ள வழக்குக்கு வருவோம். திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் வாழ்வோர் அதனைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரோடே செல்கிறது, வடகிளை கொள்ளிடமாகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலமே திருவரங்கத் தீவு. அரங்கம் என்னும் சொல்லுக்கே ஆற்றிடைக்குறை என்று நம் அகராதிகள் பொருள் கூறும். ஆறு சுமந்து வந்த மணலும் வண்டலும் படிந்து உயர்ந்த மேடு அது. காவிரி மணல் பெற்ற பிள்ளை என்று திருவரங்கத்தைச் சொன்னால் மிகையாகாது.

இன்று நமக்கு மணல் என்றால் கட்டுமானப் பொருள். லாரியில் எத்தனை யூனிட், ஒரு யூனிட் என்ன விலை என்பவையே நாம் கேட்கும் கேள்விகள். மணலில் யார் குடியிருக்கிறார் என்று கேட்பவர் இல்லை. குடியிருப்போரை இங்கே அறிமுகம் செய்து வைக்கிறேன்.

முதலாவது, ஆற்று ஆலா என்னும் பறவை. நீர் வடிந்தபின் ஆற்றின் நடுவே தலைகாட்டும் மணல்திட்டில், குச்சியோ புல்லோ வைத்துக் கூடு கட்டாமல், வெறும் மணலில் சிறு குழி செய்து முட்டையிடும். திட்டைச் சூழ்ந்த நீரே அதற்கு அரண். திட்டு போயிற்றென்றால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

இரண்டாவது, மென்னோட்டு ஆமை. தென்னாட்டு ஆறுகளுக்கே உரிய, லெய்த் என்பவரின் பெயரால் வழங்கும் ஓர் ஆமையினம் காவிரிப் படுகையிலும் உண்டு. கரையேறி மணலில் முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக வகைப்படுத்தியிருக்கிறது. இந்தியா முன்மொழிந்ததன் பேரில், 2022இல் பனாமாவில் கூடிய உலக மாநாடு இதன் வாணிபத்தைத் தடைசெய்யும் முதற்பட்டியலில் இதனைச் சேர்த்தது.

மூன்றாவது, நீர்நாய். வாளைமீனைக் கவ்வும் நீர்நாயைச் சங்கப் புலவர்கள் மீண்டும் மீண்டும் பாடியிருக்கின்றனர். தமிழ் எவ்வளவு பழையதோ, தமிழரோடு அதன் பழக்கமும் அவ்வளவு பழையது. நாணல் அடர்ந்த கரையில் வளை அமைத்துக் குடும்பமாய் வாழும். குட்டிகளைப் பெற்றோர் இருவரும் பேணுவர். காவிரிப் படுகையில் சில இடங்களில் இன்னும் எஞ்சியிருக்கிறது. வேட்டையும் வலையும் ஒருபுறம் நெருக்க, கரையும் நாணலும் மறுபுறம் அழிய, இதனையும் 2019இல் அதே முதற்பட்டியலில் சேர்க்க நேர்ந்தது.

இவற்றின் வீட்டைத்தான் நாம் யூனிட் கணக்கில் வாங்குகிறோம். மணல் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையிலும் கிணறுகளுக்கு ஊட்டும் தாய்மடி. அதனை அள்ளினால் ஆற்றின் தரை தாழ்கிறது, தரை தாழ்ந்தால் சுற்றியுள்ள நிலத்தடி நீரும் தாழ்கிறது, கரை சரிகிறது, கரைமரத்தின் வேர் வெளியே தொங்குகிறது, மீன் முட்டையிடும் ஆழமற்ற இடங்கள் குழிகளாகின்றன. அள்ளியதை ஆறு திரும்பக் கொண்டுவந்து நிரப்பாதா என்பர். 1934இல் முடிந்த மேட்டூர் அணையும் அதற்கு மேலுள்ள அணைகளும் நீரை மட்டுமா தடுக்கின்றன? நீரோடு வரும் மணலையும் வண்டலையும் சேர்த்தே தடுக்கின்றன. மேலே வரவு நின்றது. கீழே செலவு பெருகியது. இக்கணக்கின் முடிவு என்னவென்று சொல்லப் பொருளாதாரப் பட்டம் வேண்டியதில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. சிறு அளவிலான மணற்குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரியில், மணல் குறித்த விசாரணைக்காகத் திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் ஆட்சியர்கள் நேரில் வரவேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. இடையில் 2018 ஆகஸ்டில், 1836இல் ஆர்தர் காட்டன் எழுப்பிய முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதம் கொள்ளிடத்தின் மீதிருந்த பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மணல் அள்ளியதே காரணம் என்றனர் விவசாயிகள். அணையின் முதுமையே காரணம் என்றது அரசு. அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அணைக்காகவும் பாலத்துக்காகவும் அன்று எழுந்த குரல்களில், அம்மணலில் முட்டையிட்ட உயிர்களுக்காக ஒரு குரலும் எழவில்லை என்பதை மட்டும் சொல்ல வந்தேன்.

அடுப்படியின் சாட்சியம்

ஆற்றோரம் வளர்ந்த நம் பாட்டிமார்களைக் கேளுங்கள். கெண்டை, கெளுத்தி, விரால், குறவை, ஆரால், அயிரை, உளுவை, வாளை என்று மூச்சுவிடாமல் அடுக்குவார்கள். எதற்கு மாங்காய் சேரும், எதற்குச் சேராது, பிள்ளை பெற்றவளுக்கு எது ஆகும் என்றும் சொல்வார்கள். அவர்களுடைய பேத்திமார்க்குத் தெரிந்த ஆற்றுமீன் எது? ஜிலேபிக் கெண்டை. அது நம் மீனே அன்று; ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. எந்த நீரிலும் பிழைக்கும், விரைந்து பெருகும், பிற மீன்களின் இரையையும் இடத்தையும் பறிக்கும். ஏழைகளுக்கு மலிவான உணவு கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடுதான் அதனை விட்டார்கள். பின்னர் வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தியோ எதிர்ப்பட்டதையெல்லாம் விழுங்கும் இயல்புடையது. அரசு தடை விதித்தும் அது குளங்களை விட்டு அகலவில்லை.

கடலிலிருந்து கொள்ளிடத்தின் வழியே எதிர்நீச்சலிட்டு ஏறிவந்து நன்னீரில் முட்டையிட்ட மீன் ஒன்று உண்டு. வங்காளத்தார் உயிரினும் மேலாகக் கருதும் அம்மீனைத் தமிழில் உல்லம் என்பர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடத்தின் கீழணையருகே அதன் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்க அன்றைய மீன்துறையினர் முயன்றிருக்கின்றனர். அவ்வளவுக்கு அது இங்கே வந்துகொண்டிருந்தது. அணைகள் வழியை மறித்தன; மேட்டூருக்குப் பின் காவிரியில் உல்லம் வருவது குன்றிப்போயிற்று. இன்று காவிரிக்கரையில் அப்பெயரைச் சொன்னால், உள்ளத்தைச் சொல்கிறீரா என்று கேட்பார்கள்.

காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன் ஒன்றும் உண்டு. முதுகில் திமில்போல் உயர்ந்த பெரிய மகசீர் அது. வேடிக்கைக்குத் தூண்டில் போட்ட வெள்ளையர்கள் அதன் பருமனை வியந்து எழுதி வைத்தனர். ஆனால் அதன் அறிவியற் பெயர் எதுவென்று உறுதிப்பட்டது 2018இல்தான். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் நிற்பதாகவும் அறிவிக்கப்பட்டது. பெயர் உறுதிப்பட்ட ஆண்டே மரணப் படுக்கை விரித்த ஆண்டு! அணைகளும், மணற்கொள்ளையும், வெடி வைத்து மீன் பிடித்தலும் காரணங்கள். மீன்வளம் பெருக்குவதாகச் சொல்லி வேறோர் இனத்து மகசீர்க் குஞ்சுகளைப் பல்லாண்டுகள் காவிரியில் விட்டதும் ஒரு காரணம்.

ஆற்றைப் பற்றிச் சொன்னதெல்லாம் வாய்க்காலுக்கும் பொருந்தும். சோழர் காலத்தில் வெட்டப்பட்டு, இன்று திருச்சி மாநகரின் நடுவே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலை எட்டிப் பாருங்கள். உய்யக்கொண்டான் என்று பெயர் வைத்தவர்கள் இதில் சாக்கடை ஓடும் என்றா எண்ணியிருப்பார்கள்? தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை அதன்மேல் பச்சைப் போர்வையாகப் படர்ந்து, அடியிலிருக்கும் அழுக்கை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது. நீருக்கு வெயிலும் காற்றும் எட்டாமற் செய்து, எஞ்சியிருக்கும் மீனின் மூச்சையும் அடைக்கிறது.

"ஒரு மீன் போனால் என்ன?"

இவ்விடத்தில் முதல் எதிர்வாதம் வருகிறது. ஒரு மீன் போனால் இன்னொரு மீன். ஒரு பறவை போனால் மற்றொன்று. இதில் மனிதனுக்கு என்ன நட்டம் என்பர். பாறு என்று நம் முன்னோர் அழைத்த பிணந்தின்னிக் கழுகின் வரலாற்றை இவர்கள் முன் வைக்கிறேன்.

ஒரு காலத்தில் இந்தியாவில் பல கோடிக் கழுகுகள் இருந்தன. வெண்முதுகுக் கழுகு என்னும் இனம் 1992க்கும் 2007க்கும் இடையே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் மறைந்துவிட்டது. சுட்டவர் இல்லை, வலை விரித்தவர் இல்லை. மாட்டின் வலி தீர்க்கக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் மருந்துதான் எமனாயிற்று. அம்மருந்து உடலில் தங்கியிருக்கும்போதே இறந்த மாட்டைத் தின்ற கழுகு, சிறுநீரகம் கெட்டு, சில நாளில் வீழ்ந்தது. 2004இல் காரணம் கண்டறியப்பட்டது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. கழுகின் பெயரையே தாங்கிநிற்கும் திருக்கழுக்குன்றத்திலும் 1990களுக்குப் பின் கழுகு வந்திறங்கவில்லை. தமிழகத்தில் இன்று மாயாறு பள்ளத்தாக்கை ஒட்டிய காடுகளில்தான் அவற்றைக் காணலாம்.

நட்டம் கழுகோடு நின்றதா? அழுகும் பிணங்கள் கிடந்தன, நாய்கள் பெருகின, நீர் கெட்டது. கழுகுகள் மிகுந்திருந்த மாவட்டங்களில் அவை மறைந்தபின் மனிதச் சாவு கூடியதை இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2024இல் வெளியிட்டனர். 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்தனர் என்பது அவர்கள் மதிப்பீடு. அருவருத்து முகம் சுளித்த ஒரு பறவை இத்தனை காலமும் கூலியின்றி நம் ஊரைத் துப்புரவு செய்தது. நம் பிள்ளைகளைக் காத்தது. படைப்பு ஒவ்வொன்றிலும் ஒரு நன்மை உண்டு என்று இமாம் கத்தாபீ எழுதியதற்கு இதைவிட ஓர் உரை வேண்டுமா?

"வீடு கட்ட வேண்டாமா?"

இரண்டாம் எதிர்வாதம் இதனினும் வலியது. ஏழைக்கு வீடு வேண்டாமா, மணலின்றி எப்படிக் கட்டுவது என்பர். வேண்டும், ஏழைக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் ஆற்றைக் குடைந்து அள்ளிய மணல் அத்தனையும் ஏழையின் ஓட்டு வீட்டுக்கா போயிற்று? நான்கு பேர் வாழும் வீட்டுக்கு எட்டு அறை. ஆண்டில் பத்து நாள் வந்து தங்கும் மகனுக்காகப் பூட்டிக் கிடக்கும் மாடி. பக்கத்து வீட்டாரை விஞ்சுவதற்காக ஒரு முகப்பு. இவற்றுக்கும் அதே மணல்தான். ஆற்றுமணல் கிடைக்காவிட்டால் எம்சாண்ட் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வோரும் உண்டு. அது வானத்திலிருந்தா பொழிகிறது? குன்றைப் பெயர்த்து நொறுக்கியதுதான் எம்சாண்ட். ஆற்று உயிரை விட்டுக் குன்றின் உயிரைப் பிடித்தோம்; அவ்வளவே. தேவைக்கு எடுப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. பெருமைக்கு எடுப்பதற்கு அது 'இஸ்ராஃப்' என்று பெயர் வைத்திருக்கிறது.

ஓடும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து உளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்பது நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கும் முதற்பாடங்களுள் ஒன்று. ஆற்றிலிருந்து ஒரு கை நீர் மிகையாக எடுப்பது கூடாது. ஆற்றையே எடுத்துக்கொண்டு போவது கூடுமோ? அபகரித்த நிலத்தில் தொழும் தொழுகை நிறைவேறுமா என்று நம் பிக்ஹு நூல்கள் பக்கம் பக்கமாக ஆராய்கின்றன. நிலத்தைப் பற்றி இத்துணை நுணுக்கமாகக் கேட்ட நாம், அந்நிலத்தின்மேல் எழும் தூணின் மணல் எங்கிருந்து எவ்வழியில் வந்தது என்று கேட்டதுண்டா? பில் இல்லாத மணலில் உயர்ந்த மினாராவிலிருந்து பாங்கு ஒலித்தால் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். கொடுக்கல் வாங்கலில் ஹலால் பார்க்கும் சமுதாயம் மணலில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறது?

"பூங்கா இருக்கிறதே!"

மூன்றாம் எதிர்வாதம் மென்மையானது, அதனாலேயே ஆபத்தானது. அரசு பாதுகாக்கிறது, நமக்கென்ன என்பது அது. திருவரங்கத் தீவிலேயே, மேலூரில், 2015 நவம்பரில் ஒரு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. ஏறத்தாழ 25 ஏக்கர்ப் பரப்பு. ஆசியாவிலேயே பெரிதென்று பெருமை பேசுகிறோம். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள், நல்ல இடம். ஆனால் அங்கே சென்றவர்கள் ஒரு பாடத்தைப் படித்துவிட்டு வரவேண்டும். வண்ணத்துப்பூச்சி எல்லாப் பூவிலும் தேன் குடிக்கும். எல்லா இலையிலும் முட்டையிடாது. வெந்தய வரியனின் புழுவுக்கு எருக்கிலை வேண்டும். எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சையும் அதன் இனத்துச் செடிகளும் வேண்டும். ஆடுதீண்டாப்பாளைக்கென்றே பிறந்த பூச்சிகளும் உண்டு. செடி போனால் பூச்சி போகும். பூச்சி போனால் அதனை உண்ணும் குருவி போகும். பூங்காவுக்குள் எருக்கை நட்டுக் காவல் போடுகிறோம். பூங்காவுக்கு வெளியே எருக்கைக் கண்டால் களை என்று வெட்டுகிறோம். பூங்கா ஒரு பாடசாலை, பிராயச்சித்தம் ஆகாது.

திருச்சிக்கு நேர்ந்தது உலகுக்கும் நேர்ந்திருக்கிறது. ஏறத்தாழ பத்து இலட்சம் உயிரினங்கள் அழியும் ஆபத்தில் உள்ளன என்று 2019இல் உலக நாடுகளின் அறிவியற் குழு அறிவித்தது. கடந்த ஒரு கோடி ஆண்டுகளின் சராசரியைவிடப் பல பத்து மடங்கு முதல் பல நூறு மடங்குகள்வரை விரைவாக இனங்கள் மறைகின்றன என்றும் அது கூறிற்று. நன்னீரில் வாழும் மீன், நண்டு, இறால், தும்பி முதலியவற்றுள் நான்கில் ஒன்று ஆபத்தில் உள்ளதாக 2025 சனவரியில் வெளியான ஆய்வு காட்டுகிறது. கடலைவிட, காட்டைவிட, ஆறும் குளமும் நொந்து கிடக்கின்றன. ஏனெனில் மனிதன் அங்கேதான் நெருங்கிக் குடியிருக்கிறான். 2030க்குள் நிலத்திலும் நீரிலும் நூற்றுக்கு முப்பது பங்கைக் காப்போம் என்று 2022 திசம்பரில் மான்ட்ரியால் நகரில் நாடுகள் உறுதி கூறின. ஏட்டில் எழுதிய உறுதி ஆற்றில் நடப்பது ஆற்றங்கரையில் வாழ்பவர் கையில் இருக்கிறது.

வழக்கும் பிணையும்

பத்தாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த 'இக்வானுஸ் ஸஃபா' என்னும் அறிஞர் குழாத்தார் ஒரு கதை எழுதினர். விலங்குகள் யாவும் ஒன்றுகூடி, ஜின்களின் அரசனிடம் மனிதன்மீது வழக்குத் தொடுக்கின்றன. மனிதர்கள் தம் அழகைச் சொல்கிறார்கள், அறிவைச் சொல்கிறார்கள், கைத்திறனைச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஒரு விலங்கோ பறவையோ எழுந்து மறுத்துவிடுகிறது. தேனீயின் வீட்டுக்கு முன் எந்தக் கொத்தனார் நிற்க முடியும்? இறுதியில் மனிதர் பக்கம் நின்று காப்பது மறுமையைப் பற்றிய வாதமே. மனிதன் மீண்டும் எழுப்பப்படுவான், கேள்வி கேட்கப்படுவான், அவர்களுள் இறைநேசர்களும் உளர் என்பதே அது. சிந்தியுங்கள். மனிதனின் உயர்வு அவன் விசாரிக்கப்படுவான் என்பதில் அடங்கியிருக்கிறது. விசாரணையை மறந்து உயர்வை மட்டும் பேசுகிறவன், தன் ஒரே ஆதாரத்தைத் தானே கிழித்துப் போடுகிறான்.

அந்த விசாரணைக்கு நம்மால் ஆயத்தம் செய்ய முடியாதா? முடியும். பள்ளிவாசலோ வீடோ கட்டும்போது, மணலுக்கு உரிய அரசுச் சீட்டு இல்லாத லாரியைத் திருப்பியனுப்ப முடியும். அதனை ஜமாஅத்தின் தீர்மானமாகவே எழுத முடியும். கட்டுவதன் அளவைத் தேவையின் அளவாகச் சுருக்க முடியும். நம் மையவாடிகளைப் பாருங்கள். பழைய வேம்பும் புங்கையும் புதரும் அடர்ந்த அவை, ஊருக்குள் பறவைக்கும் கீரிக்கும் எஞ்சிய புகலிடங்கள். அவற்றை வழித்துச் சிமெண்டு போடுவதைத் திருப்பணி என்று கருதும் முத்தவல்லிகள் அக்கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வக்ஃபு நிலத்துக் குளத்தைத் தூர்த்துக் கடை கட்டுவதை ஜமாஅத்தார் தடுக்க வேண்டும். கழிவுநீரைக் குழாய் வைத்து வாய்க்காலில் விடும் வீட்டார், அது அண்டை வீட்டாருக்கு இழைக்கும் தீங்கு என்பதை உணர வேண்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் ஆற்றைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஆசிரியர்களாகிய நாங்கள், எறும்பும் தேனீயும் யானையும் சிலந்தியும் அத்தியாயப் பெயர்களாக அமைந்த வேதத்தை ஓதிக் கொடுக்கும்போது, அவ்வுயிர்களையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். தமீரீ என்னும் எகிப்திய அறிஞர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளில் உயிரினங்களை அகரவரிசைப்படுத்தி நூல் செய்தார். அவர் மரபில் வந்த நம் மாணவனுக்குப் பத்து ஆற்றுமீனின் பெயர் தெரியாதிருப்பது நமக்கு அழகா?

நம் உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்று ஒரு படலம் பாடினார். வேடன் கையிற் சிக்கிய தாய்மான், கன்றுக்குப் பாலூட்டி வரத் தவணை கேட்கிறது. அது திரும்பி வரும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமே பிணை நிற்கிறார்கள். மானும் சொன்னபடி கன்றோடு திரும்பி வருகிறது. அந்நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் வரிசையைப் பற்றி ஹதீஸ் கலை வல்லார் பேசியதுண்டு. அது வேறு அவை. தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் முந்நூறு ஆண்டுகளாக அப்படலத்தைக் கண்ணீரோடு கேட்டுவந்தன என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

கேட்டால் மட்டும் போதுமா? மான் திரும்பி வந்தது, திரும்பி வர அதற்கு ஒரு காடு இருந்ததனால்; பாலூட்ட ஒரு கன்று இருந்ததனால். நீர்நாய்க்குக் கரையில்லை, ஆமைக்கு மணலில்லை, உல்லத்துக்கு வழியில்லை. தவணை கேட்க அவற்றுக்கு வாயும் இல்லை. அவற்றுக்காகப் பிணை நிற்பவர் நம்முள் யார்? பிணை நிற்கத் துணியாதவர்கள், வேடனின் பக்கத்தில் நிற்பதையாவது விட்டுவிடட்டும். வல்ல இறைவன் நமக்கு நல்லுணர்வைத் தந்தருள்வானாக!